பச்சையா, பிங்க்கா? பைக்குக்கு கூலன்ட் வாங்குறதுக்கு முன்னாடி

போன இதழில் செயின் சுத்தம் செய்வதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டு ஒரு ஜூனியர் மெஸ் வாசலில் பிடிச்சுக்கிட்டான். "அண்ணா, கூலன்ட் மாத்தணும். ஸ்பேர் கடையில பச்சை, பிங்க், நீலம்னு மூணு கலர் வெச்சிருக்காங்க. எதுண்ணா நல்லது?"

"என்ன பைக்டா?"

"ஸ்பிளெண்டர்ணா."

சிரிக்காதீங்க. அவன் கேட்டதும் ஒரு விதத்தில் நல்ல கேள்விதான், ஏன்னா கலரைப் பார்த்து கூலன்ட் வாங்குறது அவன் மட்டும் இல்ல. முதல்ல அடிப்படையை முடிச்சுடுவோம். ஸ்பிளெண்டர் காற்றால் குளிரும் எஞ்சின். சிலிண்டரைச் சுற்றி இருக்குற தகடு தகடான ஃபின்கள்தான் அதுக்கு ரேடியேட்டர். கூலன்ட் ஊத்த அதில் இடமே கிடையாது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-யிலும் கிடையாது. சில பைக்குகளில் முன்னாடி சின்னதா ரேடியேட்டர் மாதிரி ஒண்ணு தொங்கும், ஆனா உள்ளே ஓடுறது எஞ்சின் ஆயில். அது ஆயில் கூலர். நாம பேசப் போறது திரவக் குளிர்ச்சி உள்ள பைக்குகளைப் பற்றி. 2008-ல் வந்த யமஹா ஆர்15, 2012-ல் வந்த கேடிஎம் டியூக் 200, பல்சர் 200 என்எஸ், அப்புறம் எம்டி-15, டோமினார் 400, அப்பாச்சி ஆர்ஆர் 310 இந்த வகையறா. நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்கில் ஒரு ரவுண்டு வந்தாலே பத்துப் பதினஞ்சு தேறும். அதில் எத்தனை பேர் ஒரு தடவையாவது ரிசர்வ் டேங்கைக் குனிஞ்சு பார்த்திருப்பாங்கன்னு தெரியல. நான் பார்த்ததில்ல. அதனாலதான் இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தகுதி வந்தது.

தொப்பூர் ஏற்றத்தில்

ரெண்டாம் வருஷம், ஏப்ரல் மாசம். செகண்ட் ஹேண்டில் ஒரு 200 சிசி பைக் வாங்கி மூணு மாசம்தான் ஆகியிருந்தது. (என்ன கம்பெனின்னு கேட்காதீங்க, தப்பு பைக் மேல இல்ல.) சேலத்திலிருந்து தர்மபுரி பக்கம் ரூம்மேட்டோட ஊருக்குக் கிளம்பினோம். மதியம் ரெண்டு மணி வெயில், ரெண்டு பேர், ரெண்டு பை. தொப்பூர் கணவாயில் லாரி வரிசைக்குப் பின்னாடி ரெண்டாவது கியரில் உருண்டுக்கிட்டு இருந்தப்ப மீட்டரில் சிவப்பு விளக்கு எரிஞ்சது.

நான் செஞ்ச முதல் தப்பு, நிறுத்தல. "மேல ஏறிட்டா காத்து அடிக்கும், தானா ஆறிடும்"னு ஓட்டினேன். எஞ்சின் இழுவை குறைஞ்சு, கடகடன்னு ஒரு சத்தம் வந்து, அப்புறம்தான் ஓரம் கட்டினேன். ரெண்டாவது தப்பு அவன் செஞ்சது. தண்ணி ஊத்தலாம்னு பையிலிருந்த துண்டை மூடி மேல போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். அரைச் சுற்றுதான். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. டீக்கடைக்காரர் ஒருத்தர் பேஸ்ட் எடுத்துட்டு ஓடி வந்தார், நல்ல மனுஷன், ஆனா பேஸ்ட் போடக் கூடாது. வெந்த இடத்தில் ஓடுற சாதாரணத் தண்ணியை 20 நிமிஷம் விடணும், ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், அப்புறம் ஆஸ்பத்திரி. எங்களுக்கு அன்னைக்கு இது எதுவும் தெரியாது. அவன் கையில் இன்னைக்கும் அந்தத் தழும்பு இருக்கு. ஃபுல் ஸ்லீவ் சட்டை போடுறவன் யாருன்னு நம்ம டிபார்ட்மென்டில் இருக்குறவங்களுக்குத் தெரியும்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரிச்சப்போ ஹெட் கேஸ்கெட் போயிருந்தது, சிலிண்டர் ஹெட் லேசா வளைஞ்சிருந்தது. ரேடியேட்டர் குழாய்களில் பாதி அடைப்பு. வெள்ளையும் செங்கல் நிறமும் கலந்த சேறு. பைக்கை வித்தவருக்குப் போன் போட்டேன். "கூலன்ட் எல்லாம் எதுக்கு தம்பி, நான் எப்பவும் போர் தண்ணிதான் ஊத்துவேன், ஒண்ணும் ஆனதில்லையே" என்றார். உண்மைதான், அவர்கிட்ட இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகல.

ஒரு சின்ன கணக்கு

அவர் சொன்னதில் எது சரி, எது தப்புன்னு பார்க்க நம்ம வெப்ப இயக்கவியல் பேப்பரே போதும்.

பைக் 60 கி.மீ. வேகத்தில் போகுது, மைலேஜ் 40 என்று வெச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டரில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், ஆக மொத்தம் 48 மெகாஜூல். 3600 நொடியால் வகுத்தா 13 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல. இதில் கால்வாசிக்குக் குறையாம கூலன்ட் வழியா வெளியே போகணும். அதாவது 3.3 கிலோவாட். ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு 2 கிலோவாட். ஒன்றரை அடுப்பை ஃபுல்லில் வெச்சு, அதுமேல ஒரே ஒரு லிட்டர் திரவத்தை வெச்சிருக்கீங்க. பெரும்பாலான 200 சிசி பைக்குகளில் கூலன்ட் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ரேடியேட்டர் அடைச்சுக்கிட்டு வெப்பம் வெளியே போகலன்னா? ஒரு லிட்டர் கூலன்டை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 3.6 கிலோஜூல் வேணும். நொடிக்கு 3.3 கிலோஜூல் வருது. கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு டிகிரி! எஞ்சின் உலோகமும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கும், அதனால நிஜத்தில் இவ்வளவு வேகம் இருக்காது. ஆனா சிவப்பு விளக்குக்கும் கேஸ்கெட்டுக்கும் நடுவில் உங்களுக்கு இருக்குறது சில நிமிஷங்கள்தான். "மேல ஏறிட்டா ஆறிடும்" என்று நான் நினைச்ச நேரம் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்ல.

அடுத்தது அந்த மூடி. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல, அது ஒரு பிரஷர் வால்வு. நம்ம பைக்குகளில் பொதுவா 1.1 பார் அளவு. குக்கர் வெயிட் மாதிரியேதான். வெளியே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணி அந்த அழுத்தத்தில் சுமார் 122 டிகிரி வரைக்கும் கொதிக்காது. கிளைக்கால் கலந்திருந்தா அதுக்கும் மேல ஏழெட்டு டிகிரி தாங்கும். இப்போ உள்ளே 110 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணி அமைதியா இருக்கு. நீங்க மூடியைத் திறக்குறீங்க. அழுத்தம் போச்சு, 110 டிகிரியில் தண்ணி தண்ணியா இருக்க முடியாது. அதிகப்படியான 10 டிகிரிக்கு உள்ள வெப்பம் 42 கிலோஜூல், அது அப்படியே உள்ளுறை வெப்பமா மாறும். 2257-ஆல் வகுத்தா 18 கிராமுக்குக் கொஞ்சம் மேல தண்ணி ஆவியாகும். 18 கிராம் என்ன பிரமாதம்னு தோணும். ஆனா 100 டிகிரியில் ஒரு கிராம் நீராவி ஒன்றரை லிட்டருக்கு மேல இடம் பிடிக்கும். மொத்தம் 30 லிட்டர் நீராவி. ஹாஸ்டலில் வாங்குற தண்ணி கேனை விடப் பெரிசு. ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை வழியா அவ்வளவும் கொதிக்கிற தண்ணியைத் தள்ளிக்கிட்டு வெளியே வரும். துண்டு என்ன செய்யும் பாவம்?

அதனால எஞ்சின் சூடா இருந்தா மூடியைத் தொடாதீங்க. அரை மணி, முக்கால் மணி நேரம் உட்காருங்க. மேல் ஹோஸை அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா இன்னும் அழுத்தம் இருக்கு.

அந்த பாட்டிலில் என்னதான் இருக்கு

வெப்பத்தைத் தூக்கிட்டுப் போற வேலையில் தண்ணியை அடிச்சுக்க ஆள் இல்ல. தண்ணியோட தன்வெப்பம் 4.18. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தா அது சுமார் 3.5-க்கு இறங்கிடும். சுத்த கிளைக்கால் 2.5-ஐ ஒட்டித்தான். அப்போ போர் தண்ணி அண்ணன் சொன்னது சரிதானே? குளிர வைக்கிற விஷயத்தில் மட்டும் பார்த்தா, ஆமாம், சரி. பிரச்சினை வேற இடத்தில் இருக்கு.

கூலன்டில் மூணு சமாச்சாரம். ஒண்ணு தண்ணி. ரெண்டாவது கிளைக்கால், அது கொதிநிலையை ஏத்தும், உறைநிலையை இறக்கும். பாதிக்குப் பாதி கலவை சுமார் -37 டிகிரி வரைக்கும் உறையாது. லடாக் டிரிப் கனவு இருக்குறவங்களுக்கு இது முக்கியம், ஏன்னா தண்ணி பனிக்கட்டி ஆகும்போது 9 சதவீதம் பெருக்கும், அலுமினிய பிளாக் அதைத் தாங்காது. நமக்கு ஊட்டி ஜனவரியைத் தாண்டி இந்தக் கவலை கிடையாது.

மூணாவதுதான் நிஜமான ஹீரோ. பாட்டிலில் சில சதவீதம் மட்டுமே இருக்குற அரிப்புத் தடுப்பான்கள். உங்க எஞ்சின் பிளாக் அலுமினியம், வாட்டர் பம்ப் ஷாஃப்ட் எஃகு, சில ரேடியேட்டர்களிலும் வாஷர்களிலும் செம்பு. வெவ்வேறு உலோகங்கள், நடுவில் உப்புள்ள தண்ணி, கூடவே 90 டிகிரி சூடு. முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேபில் இதுக்கு நாம வெச்ச பேர் கால்வானிக் செல். அலுமினியம்தான் ஆனோடு, அதாவது கரையுறது அதுதான். அலுமினியத்துக்கு இன்னொரு குணம், அமிலத்திலும் கரையும், கடுமையான காரத்திலும் கரையும். அதனால கூலன்டின் பி.ஹெச். லேசான காரப் பக்கம் நிலையா நிக்கணும். கிளைக்கால் சூட்டில் மெதுவா ஆக்சிஜனேற்றம் அடைஞ்சு அமிலமா மாறிக்கிட்டே இருக்கும். தடுப்பான்கள் அதைச் சமாளிச்சுக்கிட்டே செலவாகிக்கிட்டு இருக்கும். ரெண்டு மூணு வருஷத்தில் அவை தீர்ந்துடும். கிளைக்கால் அப்படியே இருக்கும், கலரும் அப்படியே இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. "பார்க்க நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

போர் தண்ணியில் தடுப்பான் எதுவும் இல்ல. மேல கால்சியம், மெக்னீசியம், குளோரைடு வேற. வெந்நீர் கெட்டிலில் படியுமே வெள்ளையா, அதேதான் சிலிண்டர் சுவரிலும் ரேடியேட்டர் குழாயிலும் படியும். செங்கல் நிறம் எஃகு பாகங்களோட துரு. என் ரேடியேட்டரில் இருந்த சேற்றுக்கு விளக்கம் கிடைச்சுதா?

நம்ம எஸ்.ஏ.இ. கிளப் ஆட்கள் இப்போ கை தூக்குவாங்க: "ஃபார்முலா மாணவர் போட்டியில எஞ்சினுக்கு வெறும் தண்ணி மட்டும்தான் ஊத்தணும்னு விதியே இருக்கே?" இருக்கு. காரணம் எஞ்சின் இல்ல, டிராக். கிளைக்கால் ரோட்டில் கொட்டினா வழுக்கும், தண்ணி மாதிரி சீக்கிரம் காயாது, பின்னாடி வர்றவன் விழுவான். தவிர அந்தக் காரை வாரத்துக்கு ரெண்டு தடவை நீங்களே பிரிச்சுப் போடுறீங்க. ரோட்டு பைக் அப்படி இல்லையே.

கலர் என்பது சாயம்

இப்போ ஜூனியரோட கேள்விக்கு வருவோம். கிளைக்காலுக்கு நிறம் கிடையாது, தண்ணி மாதிரிதான் இருக்கும். பச்சை, பிங்க், நீலம் எல்லாம் கம்பெனி கலக்குற சாயம். லீக் இருந்தா கண்ணுக்குத் தெரியணும், யாரும் தண்ணின்னு நினைச்சுக் குடிச்சுடக் கூடாது, அதுக்குத்தான். ஒரு கம்பெனியோட பச்சையும் இன்னொரு கம்பெனியோட பச்சையும் உள்ளே வேற வேற வேதியியலா இருக்கலாம். ரெண்டு கம்பெனியோட பச்சையும் பிங்க்கும் ஒரே வகையாவும் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது தடுப்பான் வகை. பழைய வகை கனிமத் தடுப்பான்கள்: சிலிக்கேட், பாஸ்பேட் போன்றவை. இவை உலோகம் முழுக்க ஒரு மெல்லிய படலம் போட்டு மூடும். வேகமா வேலை செய்யும், வேகமா தீர்ந்தும் போகும். அடுத்தது கரிம அமில வகை, பாட்டிலில் ஓ.ஏ.டி. என்று போட்டிருக்கும். அரிப்பு ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் போய் வேலை செய்யும், அதனால நிதானமா செலவாகும், ஆயுள் அதிகம். ரெண்டையும் கலந்த வகை மூணாவது, ஹெச்.ஓ.ஏ.டி.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஜப்பான் கம்பெனிகள் பொதுவா சிலிக்கேட் வேண்டாம் என்பாங்க, ஏன்னா வாட்டர் பம்ப் சீல் சீக்கிரம் தேயுதுன்னு அவங்க அனுபவம். பதிலா பாஸ்பேட் சேர்ப்பாங்க. ஐரோப்பிய கம்பெனிகள் பாஸ்பேட் வேண்டாம் என்பாங்க, ஏன்னா அங்கே குழாய்த் தண்ணி கடின நீர். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தா படிவு. ஒரே எஞ்சின் அறிவியல்தான், ஆனா ஊர்த் தண்ணி ஃபார்முலாவை மாத்திடுச்சு. இதை அப்படியே நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்க: பாஸ்பேட் உள்ள கூலன்டில் போர் தண்ணியைக் கலந்தா என்ன ஆகும்?

அதனால கடையில் நிக்கும்போது செய்ய வேண்டியது இதுதான். முதல்ல ஓனர்ஸ் மேனுவல். அதில் எந்த வகை, சிலிக்கேட் கூடாதா, எத்தனை மில்லி என்று இருக்கும். மேனுவல் தொலைஞ்சிருந்தா கம்பெனி தளத்தில் பி.டி.எஃப். கிடைக்கும். அப்புறம் பாட்டில் பின்பக்கம் திருப்பி ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234, ஏ.எஸ்.டி.எம். டி3306 மாதிரி ஏதாவது தர எண் இருக்கான்னு பாருங்க. முன்பக்கம் "சூப்பர்", "ரேசிங்" என்று எழுதியிருக்குறதைப் படிக்கத் தேவையில்ல. பின்பக்கம் தர எண் இல்லாத பாட்டிலை நான் வாங்க மாட்டேன், எவ்வளவு மலிவா இருந்தாலும்.

கடைசியா, அது ரெடிமிக்ஸா, கான்சன்ட்ரேட்டா? இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. ரெடிமிக்ஸ் ஏற்கெனவே தண்ணி கலந்தது, அதில் மறுபடி தண்ணி ஊத்தினா தடுப்பான் நீர்த்துப் போயிடும். கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊத்தினா "ஸ்ட்ராங்கா" இருக்கும்னு நினைக்காதீங்க. தன்வெப்பம் குறையும், பாகுநிலை கூடும், எஞ்சின் முன்னை விடச் சூடாகும். வேடிக்கை என்னன்னா, சுத்த கிளைக்கால் -13 டிகிரியிலேயே உறைஞ்சிடும், பாதிக்குப் பாதி கலவை -37 வரைக்கும் தாங்கும். அதிகமா ஊத்தினா அதிக நன்மை என்ற லாஜிக் இங்கே ரெண்டு பக்கமும் தோற்குது. கான்சன்ட்ரேட் வாங்கினா டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் கலங்க, பேட்டரி கடையில் கிடைக்குமே, அது. ஏ.சி. தண்ணியும் டிஸ்டில்ட் வாட்டரும் ஒண்ணுன்னு சொல்வாங்க. அது தூசியையும் காயில் உலோகத்தையும் கழுவிக்கிட்டு வர்ற தண்ணி. மினரல் வாட்டர் பெயரிலேயே மினரல் இருக்கு.

எனக்குச் சோம்பேறித்தனம், நான் ரெடிமிக்ஸ்தான்.

நடுவழியில் மாட்டிக்கிட்டா மட்டும் விதிவிலக்கு. எஞ்சின் நல்லா ஆறின பிறகு கையில் இருக்குற குடிதண்ணியை ஊத்தி வீடு வந்து சேரலாம், காலி ரேடியேட்டரோட ஓட்டுறதை விட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனா அந்த வாரமே வடிச்சுட்டு மாத்திடுங்க. "ஓடுதே, அப்புறம் பார்ப்போம்" என்பதில்தான் போர் தண்ணி அண்ணன் உருவாகுறார்.

மாத்துற அன்னைக்கு

ராத்திரி முழுக்க நின்ன பைக்கை காலையில் எடுங்க. கிளாஸ் முடிச்சு வந்து உடனே ஆரம்பிக்காதீங்க. சமதளத்தில் நேரா நிறுத்துங்க, பேடாக் ஸ்டாண்டு இல்லாட்டி ஒரு நண்பன் பிடிச்சா போதும். தேவையானது: சரியான அளவு ஸ்பேனர், பழைய தட்டு அல்லது அகலமான டப்பா, புனல், கையுறை, அஞ்சு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர், கூலன்ட், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். வாஷர் அஞ்சு பத்து ரூபாய் சமாச்சாரம். பழையதையே போட்டுட்டு அப்புறம் சொட்டுது சொட்டுதுன்னு போல்ட்டை முறுக்குறதுதான் அடுத்த பிரச்சினையோட ஆரம்பம்.

ஃபேரிங் உள்ள பைக்கில் பக்கத்துத் தகட்டைக் கழட்டணும். டிரெயின் போல்ட் பெரும்பாலும் வாட்டர் பம்ப் மூடியில் கீழ்ப்பக்கம் இருக்கும். டப்பாவை வெச்சுட்டு முதல்ல அதைக் கழட்டுங்க, மெதுவா வடியும். அப்புறம் மேல ரேடியேட்டர் மூடியைத் திறங்க. காற்று உள்ளே போனதும் குபுக்குன்னு பாயும், கால் பக்கம் தெறிக்கும், தயாரா இருங்க. ரிசர்வ் டேங்க் தனி, அது தானா வடியாது. இதை மறந்துட்டு பழைய கூலன்டைப் புதுசோட கலக்க விடுறது ரொம்ப சகஜம், முதல் தடவை நானும் அப்படித்தான் செஞ்சேன்.

வடிஞ்சதை ஒரு வெள்ளை டப்பாவில் பிடிச்சுப் பாருங்க. இதுதான் உங்க எஞ்சினோட பிளட் டெஸ்ட். தெளிவா கலரோட இருந்தா நல்லது. துரு நிறம்னா தடுப்பான் எப்பவோ செத்துப்போச்சு. எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தாலோ கேஸ்கெட் அல்லது பம்ப் சீல் போயிருக்கு. புது கூலன்ட் ஊத்தி அதை மறைக்க முடியாது, மெக்கானிக்கிட்ட போங்க. பம்புக்குக் கீழே ஊசி முனை அளவு ஒரு ஓட்டை இருக்கும். சீல் தேய்ஞ்சா அது வழியா சொட்டி உங்களுக்குத் தகவல் சொல்றதுக்காகவே வெச்சது. லீக்னு நினைச்சு எம்-சீல் வெச்சு அடைச்ச ஒரு மகானை எனக்குத் தெரியும். அடைச்சா அந்தத் தண்ணி ஆயில் பக்கம் போகும்.

போல்ட்டை மாட்டி, டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, முழுசா ஆறவிட்டு, மறுபடி வடிங்க. வர்ற தண்ணி தெளிவாகுற வரைக்கும் செய்யணும். இங்கே ஒரு நுணுக்கம். எவ்வளவு வடிச்சாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணி தங்கிடும். ஒரு லிட்டரில் 200 மில்லி தங்கிச்சுன்னா நீங்க ஊத்துற 50 சதவீத ரெடிமிக்ஸ் உள்ளே போய் 40 சதவீதம் ஆயிடும். அதனால கடைசி அலசலுக்கு கால் லிட்டர் கூலன்டையே ஊத்தி வடிச்சுடுறது என் வழக்கம். கஞ்சத்தனம் பார்த்தா இங்கே பார்க்காதீங்க.

டிரெயின் போல்ட்டை இறுக்கும்போது அது அலுமினியத்தில் போற சின்ன போல்ட் என்பதை நினைவில் வெச்சுக்கோங்க. 6 மி.மீ. போல்ட் என்றால் சுமார் 10 நியூட்டன் மீட்டர், சரியான எண் மேனுவலில். டார்க் ரெஞ்ச் வொர்க்‌ஷாப்பில் இருக்கு, லேப் அசிஸ்டென்ட் அண்ணாகிட்ட கேட்டா தருவார். அது இல்லாம உடம்பு பலத்தைக் காட்டினா மரை கழன்டுடும். கேஸ்கெட்டை விடப் பெரிய செலவு அது.

இப்போ நிரப்புங்க, மெதுவா. வேகமா ஊத்தினா காற்று சிக்கிக்கும். காற்றுக் குமிழி எஞ்சினுக்குள் இருந்தா அந்த இடத்தில் வெப்பம் போகாது. அதை விட மோசம், வெப்ப சென்சார் குமிழிக்குள் மாட்டிக்கிட்டா மீட்டர் நார்மல்னு காட்டும், எஞ்சின் வெந்துக்கிட்டு இருக்கும். ஹோஸ்களைக் கையால் பிசைஞ்சு விடுங்க. பைக்கை இடது வலது சாய்ச்சு நிமிர்த்துங்க. மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் சில நிமிஷம் விடுங்க. குமிழி வரும், அளவு இறங்கும், இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. குமிழி நின்னதும், கொதிக்கிற அளவுக்குச் சூடேறுறதுக்கு முன்னாடியே, மூடியைப் போட்டுடுங்க. மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா மூடியையும் மாத்துங்க. அழுத்தம் பிடிக்காத மூடி என்றால் மேல போட்ட 122 டிகிரி கணக்கு உங்களுக்குக் கிடையாது. ரிசர்வ் டேங்கை ரெண்டு கோட்டுக்கும் நடுவில் நிரப்புங்க. அப்புறம் ஃபேன் ஓடுற வரைக்கும் எஞ்சினை விட்டு, எங்கேயும் சொட்டுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

அந்த டப்பாவில் இருக்குறது

வடிச்சு வெச்ச பழைய கூலன்டை அப்படியே பார்க்கிங்கில் விட்டுட்டுப் போகாதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நம்ம ஹாஸ்டல் நாய்களும் பூனைகளும் நக்கிடும். கல்லீரல் அதை ஆக்சாலிக் அமிலம் வரைக்கும் கொண்டுபோகும், அது கால்சியத்தோட சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமா படியும். ஒரு சின்ன பூனைக்கு சில ஸ்பூனே போதும். மனுஷங்களுக்கும் இதே கதைதான். ஆரம்பத்தில் போதை மாதிரி தள்ளாட்டம் மட்டும் தெரியும், "தண்ணி போட்டிருக்கான்"னு விட்டுடுவாங்க, அதுக்குள்ள நேரம் போயிடும். யாராவது தெரியாம குடிச்சுட்டா பாட்டிலையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரி போங்க, கூலன்ட் குடிச்சதா டாக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க. மாற்று மருந்து இருக்கு, சீக்கிரம் போனா வேலை செய்யும்.

அதனால மிச்ச கூலன்டை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊத்தி ரூம் அலமாரியில் வைக்கவே வைக்காதீங்க. பிங்க் கலர், இனிப்பு, நண்பர்கள் நிறைஞ்ச ரூம்! பழசை அதே கூலன்ட் பாட்டிலில் திரும்ப ஊத்தி, மேல மார்க்கரில் "விஷம், பழைய கூலன்ட்" என்று எழுதி, பழைய ஆயில் வாங்குற சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்க. கீழே சிந்தினதை நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க.

மறுநாள் காலையில், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, ரிசர்வ் டேங்கை ஒரு தடவை பாருங்க. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி ரிசர்விலிருந்து கூலன்டை இழுத்திருக்கும், கோடு கொஞ்சம் இறங்கியிருக்கும். நிரப்பி விடுங்க. மூணாவது நாளும் இறங்கினா எங்கேயோ லீக் இருக்கு. மாத்தின தேதியை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டி வைங்க. நாளைக்கு பைக்கை விக்கும்போது வாங்குறவன் சீட்டைத் தூக்கிப் பார்ப்பான்.